சுரைக்கொழுந்தும் இத்தாலியச் சமையல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சமையல் பக்கத்தில் வந்த பாஸ்தா குறிப்பைப் படித்தேன். ஒரு பேணி கிறீம், 200 கிராம் சீஸ், பொதியில் வரும் சோஸ். மரக்கறி எங்கே என்று தேடினால், கடைசியில் மேலே தூவ நாலு துண்டு குடைமிளகாய். 'இத்தாலியச் சாப்பாடு கொழுப்பு கூடியது, எப்போதாவது சாப்பிடலாம்' என்று கீழே ஒரு வரி வேறு. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து 19 வருடம். அதில் 11 வருடமாக ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். 'சிஞ்ஞோரா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வயது 86. அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிறீம் பேணியை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

பல்லரோ சந்தைக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு புறப்பட்டால் சிஞ்ஞோராவுக்குப் பிடிக்காது. போய்ப் பார்த்து, அன்று நல்லதாக இருப்பதை வாங்கிவரச் சொல்வார். பங்குனி, சித்திரையில் பச்சைப் பட்டாணி, பச்சை ஃபாவா அவரை, கார்ச்சோஃபி (ஆங்கிலத்தில் ஆர்ட்டிசோக்) மொட்டு. மூன்றையும் வெங்காயத்தோடு மெல்லிய நெருப்பில் வேகவிட்டால் ஃபிரித்தெத்தா. வெயில் காலத்தில் கத்தரிக்காயும் தக்காளியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது தெனெரூமி பற்றி. இங்கே சுரைக்காய் ஒரு மீற்றருக்கும் மேலாக, மெலிந்து நீண்டு வளரும். வடிவம் வேறே தவிர, நம்முடைய சுரையேதான். அதன் கொழுந்தையும் இளம் இலையையும் கட்டுக் கட்டாக விற்பார்கள், அதுதான் தெனெரூமி. முதன்முதலில் அந்தக் கட்டைக் கையில் எடுத்தபோது எங்கள் வேலியின் மணம் வந்தது. சந்தையென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

முற்றிய தண்டைக் கழித்து, இலையைக் கழுவி நறுக்கி, உப்புப் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் அவிக்க வேண்டும். வேறொரு தாச்சியில் ஒலிவ் எண்ணெயை லேசாகச் சூடாக்கி, தட்டிய உள்ளி இரண்டு பல் போடுங்கள். உள்ளி சிவக்கக் கூடாது, சிவந்தால் கசக்கும். தோல் உரித்த பழுத்த தக்காளி நாலைந்தை நறுக்கிப் போட்டு, கரைந்து வரும்போது பேசில் இலை கிள்ளிப் போட்டு, இலை வெந்த தண்ணீரிலேயே ஊற்றிவிடுங்கள். அப்புறம் ஸ்பகெத்தியை விரல்கணு அளவுக்கு உடைத்து அதிலேயே வேகவிட வேண்டும். தண்ணீரை வடிக்கக் கூடாது. சத்தும் ருசியும் அதில்தான் இறங்கியிருக்கின்றன. ஆறி இளஞ்சூட்டில் இருக்கும்போது சாப்பிடுவோம். சீஸ் வேண்டுமென்றால் ஒரு கரண்டி துருவல் போதும்.

சாதாரண நாளிலும் ஒருவருக்கு 80 கிராம் பாஸ்தாதான். சிஞ்ஞோரா தராசில் நிறுத்துத்தான் போடுவார். இந்தச் சூப்புக்கு அதிலும் குறைவு, கோப்பை நிறைய இலைதான் இருக்கும். இப்படியான வீட்டுச் சாப்பாட்டை ஆராய வந்த அமெரிக்கர் ஆன்செல் கீஸ், தென் இத்தாலியில் பியோப்பி என்ற கடற்கரைக் கிராமத்திலேயே வீடு கட்டி நீண்ட காலம் வாழ்ந்தார். 2010இல் யுனெஸ்கோ மத்தியதரைக்கடல் உணவுமுறையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது அதில் கிறீம் பேணிக்கு இடம் இருக்கவில்லை. முக்கியமாக ஒலிவ் எண்ணெய், தானியம், மரக்கறி, பழம்; மீன், பால்பொருள், இறைச்சி எல்லாம் அளவோடுதான். ஆகவே, அடுத்த முறை இத்தாலியக் குறிப்பு போடும்போது ஒரு வீட்டுச் சமையலைப் போடுங்கள். எழுதித் தர நான் ஆயத்தம்.

ஊரில் என் அம்மா சுரைக்காயைப் பறித்துக்கொண்டு கொழுந்தை ஆட்டுக்குப் போடுவார். போன வருடம் தொலைபேசியில் இந்தச் செய்முறையைச் சொன்னேன். ஸ்பகெத்தி கிடைக்கவில்லை என்று நூடில்ஸை உடைத்துப் போட்டுச் செய்திருக்கிறார். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சாம். இரவுக்கென்று எடுத்து வைத்ததையும் தம்பி பின்னேரமே குடித்து முடித்துவிட்டானாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பலெர்மோ, இத்தாலி