ஆடியில் குஞ்சு, ஐப்பசியில் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் 10ஆம் தேதி, தேசிய மீன் வளர்ப்போர் தினத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். பண்ணைக் குட்டை வெட்டிக் குஞ்சு விட்டால் பத்து மாதத்தில் கிலோ எடைக் கட்லா பிடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். பத்து மாதம் தண்ணீர் நிற்கிற குட்டைக்கு அது சரி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் மழையை நம்பி வெட்டிய குட்டை எதிலும் அவ்வளவு நாள் நிற்பதில்லை.

1957 ஜூலை 10இல் ஒடிசாவின் கட்டாக்கில் மீன்வள விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டைக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் வடக்கே ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிச் சேகரிக்க வேண்டும். ஊசி வந்தும் மீனின் உடம்பு பழைய பருவத்தை மறக்கவில்லை. ஆனி, ஆடி, ஆவணியில்தான் குஞ்சு தாராளமாகக் கிடைக்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசியில். மானியம், பயிற்சி எல்லாம் வருகிறது; இந்த மூன்று மாத இடைவெளியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

எனக்கு இருப்பது அரை ஏக்கர் குட்டை. 2015 ஆடியில் போர் தண்ணீரை முழங்கால் அளவு இறைத்து, ஒரு தனியார் பண்ணையில் 2,000 குஞ்சு வாங்கி விட்டேன். டீ வடிகட்டியில் அள்ளி, ‘ஒரு வடிகட்டி முந்நூறு’ என்று கணக்குச் சொன்னார்கள். முந்நூறில் பாதி இருந்தால் அதிகம். அதிலும் வேண்டாத ஜிலேபிக் கெண்டை கலப்பு. சரி, வந்தது வரட்டும் என்று தவிடு போட்டு வளர்த்தேன். தீபாவளிக்கு முதல் நாள் கொட்டிய மழையில் கரை மேலே தண்ணீர் ஓடியது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வயல்காரர் ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். என் மீன்தான். குழம்பைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் முறையை மாற்றினேன். வீட்டுக் கொல்லை மேட்டு நிலம். அங்கே மூன்று சென்டில் சிறு குளம் வெட்டி, ஆடியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து 1,200 குஞ்சை அதில் நெருக்கமாக விடுகிறேன். தீனி அளவாகத்தான். நெருக்கத்தில் மீன் பெரிதாகாது, தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் சாகவும் சாகாது. மார்கழி பிறந்து வெள்ள பயம் போனதும், ஒரு நாள் தீனியை நிறுத்தி, விடியற்காலையில் டிரம்மில் அள்ளிக் குட்டைக்கு மாற்றுவேன். அதற்குள் குஞ்சு உள்ளங்கை நீளம் ஆகியிருக்கும். மழைத் தண்ணீரோடு குட்டைக்குள் ஏறி வந்த விரால் அதை லேசில் விழுங்காது. இடம் கிடைத்ததும் விட்ட வளர்ச்சியைச் சேர்த்துப் பிடிக்கிறது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் மந்தம். தை பிறந்தால் தின்கிற வேகமே வேறு.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி. உரச் சாக்கில் ஓட்டை போட்டு நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டால் மீன் முட்டி முட்டித் தின்னும். சாயங்காலம் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தின்றது என்று கைக்கே தெரியும். மீனுக்கு இரையாகும் நுண்பாசி வளரக் குட்டையில் சாணியும் போடுவேன். போடுவதற்கு முன் முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். உள்ளங்கை தெரியவில்லை என்றால் பாசி போதும், அன்று சாணி கிடையாது. ஒரு பங்குனியில் இதை மறந்து இரண்டு கூடை கூடுதலாகக் கொட்டினேன். மறுநாள் மூடாக்கு, வெயிலே இல்லை. அதற்கு அடுத்த விடியலில் போய்ப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பச்சைத் தண்ணீரில் இருக்கிற பாசி பகல் வெயிலில் பிராணவாயுவைக் கொடுக்கும், இராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும். மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே மேலிருந்து பீய்ச்சி அடித்தேன். பெரிய கட்லாக்கள்தான் முதலில் செத்தன. ஏழு மணிக்கு மேல் வெயில் வந்து மிச்சத்தைக் காப்பாற்றியது.

இந்தக் கோடையில் வைகாசிக்குள் வடித்துப் பிடித்ததில் 850 மீன் தேறியது. பெரும்பாலும் அரை கிலோவுக்கு மேல், சில கட்லா முக்கால் கிலோ. கரையிலேயே விற்றுவிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அரசு மீன் விதைப் பண்ணைகள் ஆடிக் குஞ்சில் ஒரு பங்கை விற்காமல் வைத்திருந்து, கார்த்திகை, மார்கழியில் உள்ளங்கை நீளத்தில், எண்ணித் தரட்டும். விலை கூட இருந்தாலும் வாங்குவோம். பண்ணையில் இடம் இல்லையென்றால் மகளிர் குழுக்களிடம் கொடுத்து வளர்க்கச் சொல்லலாம். மூன்று சென்டும் ஒரு போரும் போதும், ஐந்து மாதத்தில் கையில் காசு. ஆடியில் தருகிற நகக்கண் அளவுக் குஞ்சு, காய்ந்த குட்டை வைத்திருப்பவனுக்கு எதற்கு?

இந்த வருடக் குஞ்சு கொல்லையில் இருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து, மார்கழியில் ஆளுக்கு ஐந்நூறு தர முடியுமா என்று கேட்டுப் போனார்கள். என்னிடம் இருப்பது என் குட்டைக்கே சரியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு மீன் வளர்ப்பு விவசாயி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.