மின்சோ கரையிலிருந்து

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், இனி யாருக்கும் ஓய்வில்லை.

போன ஞாயிறு மாப்பிள்ளை எங்களை இங்கே இத்தாலியில் வெரோனா நகரத்துப் பக்கத்தில் போர்கெத்தோ என்ற சிற்றூருக்குக் கூட்டிப் போனார். கார்தா ஏரியிலிருந்து புறப்படும் மின்சோ ஆறு ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. கரையில் தண்ணீர் விசையில் தானியம் அரைத்த பழைய ஆலைகள். இப்போது அவற்றில் பாதி சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி. சில சக்கரங்கள் இன்னும் சுற்றுகின்றன, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக. பக்கத்தில் மிலானை ஆண்ட ஜான் கலியாத்சோ விஸ்கொந்தி 1393இல் கட்டிய பாலம், 650 மீட்டர் நீளம். பாலமும் அதுதான், அணையும் அதுதான். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் மாந்துவா நகருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கக் கட்டினார் என்கிறார்கள். காவிரிக்கரைக்காரனான உனக்கு இதை விளக்கவா வேண்டும்!

நாங்கள் சாப்பிட்டது ஆலை ஒன்றில். குடும்பமே நடத்துகிறது: கல்லாவில் அப்பா, அடுப்படியில் அம்மா, பரிமாற மகள். மெனு ஒரே பக்கம். அந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டம் தொர்தெல்லினி. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை விரல் தெரியும் அளவு மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே இறைச்சி வைத்து முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு நீர்த்தேவதையும் படைவீரனும் பிரியும்போது முடிச்சுப் போட்ட பட்டுத்துணியின் நினைவாம் அது. கதை அவ்வளவு பழசில்லை என்று மாப்பிள்ளை சிரித்தார். சைவம் சாப்பிடும் கமலாவுக்குப் பரங்கிக்காய் வைத்தது வந்தது, வெண்ணெயும் சேஜ் என்ற வாசனை இலையும் சேர்த்து. இனிப்பாக இருந்ததால் மாவில் முட்டை இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை! எனக்கு ஆற்று மீன், கூடவே பொலெந்தா. நம் மக்காச்சோளக் களியேதான்.

உங்கள் மெஸ்ஸில் நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ் எல்லாம் போடலாமா என்று உன் மகன் கேட்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்பதே என் கட்சி. சக்கரத்தைப் பார்க்க ஒரு தடவை வருவார்கள், சரி. ஆனால் எங்கள் பக்கத்து மேசைக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள், மெனுவைப் பார்க்கவே இல்லை. உன் வத்தக்குழம்புக்கு அப்படி வருகிறவர்கள் எத்தனை பேர்?

ஜூன் மூன்றாவது செவ்வாயன்று அந்தப் பாலத்தின் மேலேயே மேசை போட்டு ஆயிரக்கணக்கானோருக்குத் தொர்தெல்லினி விருந்து வைப்பார்களாம், 1993லிருந்து நடக்கிறது. மாப்பிள்ளை டிக்கெட்டுக்கு அலைகிறார். கிடைத்தால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு