78 வயதில் ஸ்க்ரூ பல் வைக்கலாமா? – எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆச்சி ஒருவர் மகளோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். வயது 78. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய கீழ்ப் பல்செட். "மேல் செட்டு நல்லா ஒட்டிக்கிது. இது மட்டும் போட்டா பேச முடியலை, கழட்டினா திங்க முடியலை. அதான் டப்பாவுலயே குடியிருக்கு" என்றார். மகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மாவுக்கு இந்த வயசுல ஸ்க்ரூ பல்லெல்லாம் வைக்கலாமா டாக்டர்?" ஆச்சி விடவில்லை. "பல்லு எனக்குத்தானடி, வயசைப் பத்தி அவரு சொல்லட்டும்."

இதே கேள்வியை வாரத்துக்கு 2, 3 பேராவது கேட்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நேரான பதில். வயது மட்டுமே காரணம் என்று நாங்கள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஸ்க்ரூ பல், அதாவது தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து அதன் மேல் பல் கட்டுவதைத்தான் இம்ப்ளான்ட் என்கிறோம். இதற்குக் கீழ் வயது வரம்பு உண்டு, மேல் வரம்பு கிடையாது. தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வைத்தால், மற்றப் பற்கள் வளர்ச்சியோடு நகர, இது மட்டும் நட்ட இடத்திலேயே நின்று பள்ளமாகிப் போகும். பெரியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 80 வயதில் இடுப்பெலும்பு முறிந்தவருக்குப் பிளேட் வைத்து எலும்பு கூடி, அவர் மறுபடி நடக்கிறார் அல்லவா? தாடையும் எலும்புதான்.

இந்த சங்கதியே எலும்பு ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்ததுதான். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனேமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தில் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தி, எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைக் கவனித்துவந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானியம் திருகுகளை வைத்துப் பல் கட்டினார்கள். லார்சன் 2006இல் காலமானார். சுமார் 40 வருடம் அந்தத் திருகுகளோடுதான் சாப்பிட்டார்.

ஆக, பிறந்த வருடத்தைக் கேட்டுவிட்டு நாங்கள் அங்கேயே நிற்பதில்லை. அடுத்துக் கேட்பது மருந்துப் பையை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் பெரும்பாலானவர்கள் சுகர், பிரஷர் இரண்டை மட்டும் சொல்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு எடுப்பதைச் சொல்லவே மாட்டார்கள். "அது முதுகு வலிக்குன்னு குடுத்தாங்க, பல்லுக்கும் அதுக்கும் என்ன?" என்பார்கள். எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். வாரத்துக்கு ஒன்று போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட், 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி எல்லாம் இந்த வகை. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களின் வேகத்தை இவை குறைக்கின்றன. இடுப்புக்கும் முதுகுக்கும் அது நல்லது. ஆனால் தாடையில் புண் ஆற, பழையது கரைந்து புதியது உருவாக வேண்டும். சிலருக்கு அது நடக்காமல் ஈறு மூடாது, எலும்பு வெளியே தெரிய நின்றுவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான சாதாரண அளவில் இந்த ஆபத்து குறைவு; எத்தனை வருடமாக எடுக்கிறார் என்று பார்த்து, எலும்பு டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அதிக அளவில் இதே மருந்துகளை எடுப்பவர்களுக்கு நாங்கள் இம்ப்ளான்ட் வைப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ட்ரிப் உங்கள் மாத்திரை டப்பாவில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய பில், டிஸ்சார்ஜ் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்.

சர்க்கரைக்கு வருவோம். "காலையில 110தான் இருந்துச்சு" என்பது எங்களுக்குப் போதாது. 3 மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் வேண்டும். அது 7ஐ ஒட்டி இருந்தால் தயங்காமல் செய்வோம். 8ஐத் தாண்டினால் உங்கள் சுகர் டாக்டரிடம் போய்வரச் சொல்வோம். இம்ப்ளான்ட் கிடையாது என்று அர்த்தமில்லை, இப்போதைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் வேலை என்று தெரிந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய ரத்தக் குழாய் அடைக்காமலிருக்க அதற்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்த ஒருவர் இப்படி 4 நாள் நிறுத்திவிட்டு எங்களிடம் வந்து, "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே நிப்பாட்டிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. ஈறில் கசியும் ரத்தத்தைத் தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்த எங்களுக்குத் தெரியும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டைப் புதிதாக எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

மாரடைப்பு வந்து 6 மாதம் ஆகாதவர்கள் பொறுத்திருக்க வேண்டும். முகம், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் அந்த ரிப்போர்ட் இல்லாமல் வர வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களிடம் முதல் நாளே வாயைத் திறக்கச் சொல்லி, 3 விரல் நுழைகிறதா என்று பார்ப்போம். வெற்றிலையோடு பல வருடம் போட்ட பாக்கு கன்னத்தை இறுக்கிவிடும். வாய் திறக்காவிட்டால் எங்கள் கருவியே உள்ளே போகாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் திருகு எலும்போடு சேராமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அடுத்து எலும்பு. பல் எடுத்த இடத்தில் முதல் வருடத்திலேயே எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி போய்விடும். 15, 20 வருடம் செட் போட்டவர்களின் கீழ்த் தாடை தட்டையாகி, செட் உட்கார மேடே இல்லாமல் இருக்கும். மேல் செட் அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டி நிற்கும். கீழே அண்ணம் ஏது? நாக்கு அசையும்போதெல்லாம் செட்டும் கூடவே கிளம்பும். ஆச்சியின் செட் டப்பாவில் குடியேறியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் கீழ்த் தாடையின் முன்பக்கம், கோரைப் பல் இருந்த இடம், பெரும்பாலோருக்குக் கடைசிவரை கெட்டியாக இருக்கும். அங்கே இரண்டே இரண்டு திருகு வைத்து, சட்டைக்கு டிச் பட்டன் வைப்பது போலச் செட்டை அதில் மாட்டிவிடலாம். ராத்திரி கழற்றிக் கழுவலாம், காலையில் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். பல் முழுவதும் போனவர்களின் கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இந்த முறைதான் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். எங்கள் அனுபவமும் அதுதான். பல பெரியவர்களுக்கு இப்போதுள்ள செட்டையே திருத்தி மாட்டிக்கொள்ளலாம். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டியிருக்கும், சின்ன வேலைதான்.

அப்படியானால் 6, 8 திருகு வைத்து, கழற்றவே வேண்டாத நிலையான பல் ஏன் கூடாது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பணம் தரத் தயாராகவும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடம் முன்பு 70 தாண்டிய ஒரு பெரியவருக்கு அப்படி நிலையான பல் கட்டினோம். வேலை பிரமாதம், அவருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த பெண் பாசமாகத்தான் பார்த்தார். ஆனால் திருகுகளின் மேல் பாலம் போலக் கட்டிய பல் வரிசைக்கு அடியில் சின்ன பிரஷ் விட்டுத் துலக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இம்ப்ளான்ட் சொத்தையாகாது, பல் போலக் கூசாது. அதனால் சீழ் பிடித்து எலும்பு கரைவது வெளியே தெரிய நாளாகும். வீட்டுக்கே போய்ப் பார்த்தபோது இரண்டு திருகு ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இன்றைய கையை மட்டும் பார்த்து நாங்கள் திட்டம் போடுவதில்லை. நாளைக்குக் கை நடுங்கினால், மறதி வந்தால், வேறொருவர் துலக்கிவிட வேண்டி வந்தால் சமாளிக்கக் கூடியதா என்று கேட்டுக்கொள்கிறோம். கழற்றி மாட்டுகிற செட்டைப் பெரியவர்களுக்கு அதிகம் சொல்வது அதனால்தான். அதில் எங்களுக்கு வருமானம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சிலருக்கு எதுவுமே வேண்டாம். பின்பக்கத்தில் ஒன்றிரண்டு கடைவாய்ப் பல் இல்லை, ஆனால் மேலும் கீழுமாக 20 பல் சேர்ந்து நன்றாக மெல்கிறது என்றால் சும்மா இருங்கள். ஜப்பானில் 1989 முதல் "80 வயதில் 20 பல்" என்றே ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். 20 இருந்தால் பெரும்பாலும் எல்லாம் சாப்பிடலாம் என்பது அதன் கணக்கு.

வேலை நடக்கும் விதம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. முழு மயக்கம் கிடையாது, பல் பிடுங்கும்போது போடும் அதே ஊசிதான். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, நரம்பு எங்கே ஓடுகிறது, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். காலை நேரத்தில் வாருங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு வரவே கூடாது. முதல் வாரம் குழைந்த சாதம், இட்லி. கீழ்த் தாடையில் எலும்பு சேர ஏறக்குறைய 3 மாதம், மேலே 4 முதல் 6 மாதம். "15 நாள் லீவுல வந்திருக்கேன், அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்று கேட்கும் மகன்களுக்காகவே இந்த வரியை எழுதுகிறோம். திருகு வைத்த அன்றே பல் மாட்டுவதும் உண்டு. அதற்கு எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும். அப்பாவின் தாடைக்கு உங்கள் டிக்கெட் தேதி தெரியாது.

பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். டைட்டானியம் காந்தத்தில் இழுபடாது, எடுக்கலாம். செட்டை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள்.

பார்க்க வரும்போது மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். போடாமல் மூலையில் கிடக்கும் பழைய செட்டையும்தான். வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ, அவரும் கூட வரட்டும்.

ஆச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருந்துப் பையில் ஒன்றுமில்லை. மகள் வீட்டில் தேடி எடுத்து வந்த பழைய பில்லில் 2 வருடம் ட்ரிப் ஏற்றிய கணக்கு இருந்தது. எலும்பு டாக்டருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை செட்டின் அடியை ஈறுக்கு ஏற்ப நிரப்பி, கொஞ்சம் ஆடாமல் செய்து கொடுத்தோம். "தீபாவளிக்குச் சீப்புச் சீடை கடிக்கலாமா?" என்றார். தீபாவளிக்கு ஆகாது ஆச்சி, டாக்டர் சரியென்றால் பங்குனித் திருவிழாவுக்குப் பார்க்கலாம் என்றோம். "அப்ப ரெண்டு படி எடுத்து வைக்கச் சொல்றேன்" என்று டப்பாவை மூடிக்கொண்டு போனார். இந்த முறை டப்பா காலி.

அன்புடன்,
உங்கள் பல் கிளினிக்கார்கள்
காரைக்குடி