நாடக மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொதுக்குழு ஒருமுறை கூடியது. செயற்குழு அவ்வப்போது கூடியது. ஆள் போதாமல் கலைந்ததும் உண்டு. ஒப்பனைப் பயிற்சி நடந்தது. ஆண்டு விழா நாடகமும் ஒருவழியாக அரங்கேறியது.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி, பக்திப் படம் எடுக்கும் அலெக்ஸ் கென்ட்ரிக் பற்றிய திரையிடலும் பேச்சும்தான். யோசனை என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. "நாடக மன்றத்தில் சர்ச் படம் எதற்கு?" என்று கேட்டவர்கள் அன்று வரவே இல்லை, அவர்களுக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கென்ட்ரிக் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில், ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையின் உதவிப் போதகராக இருந்தவர். 2003-இல் சுமார் 20,000 டாலர் செலவில், சபையாரையே நடிக்க வைத்து 'ஃப்ளைவீல்' எடுத்தார். தம்பி ஸ்டீபனோடு சேர்ந்து எழுதியதும், இயக்கியதும், ஆளை ஏமாற்றிப் பழைய கார் விற்கும் நாயகனாக நடித்ததும் அவரே. 2008-இல் 5 லட்சம் டாலரில் எடுத்த 'ஃபயர்ப்ரூஃப்' 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் நாயகன் கிர்க் கேமரன், மனைவியைத் தவிர வேறு யாரையும் முத்தமிட மாட்டேன் என்றார். சரி என்று, அவர் மனைவிக்கே நாயகி வேடம் போட்டு அந்தக் காட்சியை நிழலுருவமாக எடுத்தார்கள். நம் கூட்டத்தில் சிரித்தார்கள். எனக்கு அது மேடைக்காரர்களின் சமயோசிதமாகத்தான் பட்டது.

வசனம் பல இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சம்பளமில்லாத சபையார் நடித்தார்கள், சமைத்தார்கள், சாமான் தூக்கினார்கள். இங்கே நீதிபதி வேடத்தைக் கேட்டு வாங்கியவர் ஒத்திகைக்கும் வரவில்லை, நாடகத்தன்றும் வரவில்லை. காலி நாற்காலியைப் போட்டுவிட்டு, தீர்ப்பைப் படுதாவுக்குப் பின்னாலிருந்து நானே படித்தேன். அசரீரி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நல்லவேளை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. இடித்த தொகையைச் சிலர் கையிலிருந்து போட்டார்கள். விவரத்தைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்றார்கள். நான்தான் தடுத்தேன். பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

தலைவருக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நாமே ஒரு குறும்படம் எடுக்கலாம். கதை தயார். ஒருவர் கேமரா தருவதாகச் சொல்லியிருக்கிறார். சந்தா வந்தால் விளக்கு வாடகைக்கு வழி பிறக்கும். அப்புறம், செயலாளர் பதவியில் தொடர வேண்டும் என்று எனக்கு ஆசை கிடையாது. யார் முன்வந்தாலும் பதிவேடுகளை இன்றே ஒப்படைத்துவிடுவேன். சந்தா பாக்கி இல்லாதவர்கள்தான் போட்டியிட முடியும் என்ற விதியை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்