விண்மீன்களுக்குப் பெயரிட்டவர்கள் யார்? பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் மே மாதம் பள்ளித் திடலில் விண்மீன் பார்க்கும் இரவு ஒன்றை நடத்தவிருப்பதாகக் கூறி, மாணவர்களுக்கான கையேட்டின் முன்வரைவைப் புலனக் குழுவில் பெற்றோரின் பார்வைக்கு அனுப்பியிருந்தீர்கள். முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால், விண்மீன் குழுமங்களுக்குப் பெயரிட்டவர்கள் கிரேக்கர்கள் என்று முதற்பக்கம் சொல்கிறது. அதற்குப் பதிலடி கொடுப்பதுபோல, எல்லாம் நம் முன்னோர் சூட்டிய பெயர்களே என்று கடைசிப் பக்கம் சொல்கிறது. இரண்டும் சரியல்ல. அச்சுக்குப் போகும் முன் இவற்றை நீக்கிவிட்டு, எந்தப் பெயர் யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமி 48 குழுமங்களைத் தொகுத்தார் என்பது உண்மை. அவற்றுள் சிங்கம், காளை, தேள் போன்றவை கிரேக்கர்களுக்கும் முன்பே பாபிலோனியர் வானில் கண்ட உருவங்கள். அவையே கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கும் வந்து, நம் வீட்டு நாள்காட்டியில் சிம்மம், ரிஷபம், விருச்சிகம் என்று இன்றும் இருக்கின்றன. அசுவினி முதலான 27 நட்சத்திரங்களின் வரிசையோ இந்திய மண்ணில் வேறாக வளர்ந்தது.

தென்வானத்தின் கதைதான் மலேசியாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. முன்வரைவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1595இல் மிளகு தேடி ஹாலந்திலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்ட கப்பல்களில் பீட்டர் கெய்சர், பிரடெரிக் டி ஹௌட்மன் என்ற இருவர், ஐரோப்பாவிலிருந்து காண முடியாத விண்மீன்களை அளந்து குறித்தார்கள். கெய்சர் 1596இல் ஜாவாவின் பந்தெனில் இறந்துபோனார். அந்த அளவீடுகளிலிருந்து உருவான 12 புதிய குழுமங்களில் மயில், கொக்கு, பச்சோந்தி, பறக்கும் மீன் ஆகியவற்றோடு ஓர் ஈயும் உண்டு. மீண்டும் இப்பக்கம் வந்த டி ஹௌட்மன், 1599 முதல் 1601 வரை சுமத்ராவின் அச்சே சுல்தானின் சிறையில் இருந்தபோது மலாய் மொழியைக் கற்றார். 1603இல் மலாய்ச் சொற்களுக்கு அவர் வெளியிட்ட அகராதியின் பின்னிணைப்பாக அச்சேறியதுதான் அவருடைய தென்வான விண்மீன் பட்டியல். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் நடந்த இச்செய்தியை விட்டுவிட்டு கிரேக்கத் தெய்வங்களின் ஒலிம்பஸ் மலைக் கதைகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பது எனக்கு விளங்கவில்லை.

இதன் பிறகு, 1751-52இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லக்காய், தாம் வகுத்த 14 குழுமங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொலைநோக்கி, நுண்ணோக்கி, கடிகாரம், உலை என்று கருவிகளின் பெயர்களையே வைத்தார். (காற்றிறைக்கும் பம்புக்குக்கூட வானில் இடம் கொடுத்த மனிதர் அவர்.) 1922இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் மொத்தம் 88 குழுமங்கள் என்று முடிவு செய்தது, அவற்றின் எல்லைகள் 1930இல் வெளியிடப்பட்டன.

இந்தப் பட்டியலுக்கு வெளியிலும் பெயர்கள் வாழ்கின்றன. வடவானில் நாம் சப்தரிஷி என்பதை நற்றிணை எழுமீன் என்கிறது. கார்த்திகைக்கு அறுமீன் என்றும் பெயர். எழுமீனை மலாய்க்காரர்கள் பீடுக் என்னும் படகாகவும், தென்சிலுவையைப் பாரி என்னும் திருக்கை மீனாகவும், கிரேக்கர் வேட்டைக்காரனாகக் கண்ட ஓரியனைப் பெலாந்திக் என்னும் ஈட்டிப் பொறியாகவும் கண்டார்கள். அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் மனனம் செய்யும் இந்த மலாய்ப் பெயர்கள் ஆற்றிலும் கடலிலும் காட்டிலும் பிழைத்தவர்களிடமிருந்து வந்தவை என்பதைக் கையேடு சொல்ல வேண்டும். விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குக் கிளம்பிய நம் தாத்தா பாட்டிமாரும் வானத்தைப் பார்த்தவர்களே. அவர்கள் வழங்கிய பெயர்களைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிவர அரைப் பக்கமாவது வெற்றிடம் விடுங்கள்.

அட்டைப்படத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். முன்வரைவின் அட்டையில் பெலாந்திக் இருக்கிறது. மே மாத நடுவில் இரவு 10 மணிக்கு அது மேற்கே மறைந்திருக்கும். அந்த நேரத்தில் சுங்கை சிப்புட் வானம் தெளிவாக இருந்தால், வடக்கே பீடுக்கும் தெற்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை உயரத்தில் பாரியும் ஒரே வேளையில் தெரியும். சித்திரை விண்மீன் உச்சிக்கு அருகிலும் கேட்டை விண்மீன் தென்கிழக்கிலும் இருக்கும். இந்த நான்கையும் வரைந்து, பெயர் வந்த வழியை ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியில் எழுதினால் போதும். படம் வரைந்து கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.