ரேங்க் எங்கே என்று கேட்டவர்களுக்கு

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையைக் கொடுத்தனுப்பிய மறுநாளே நாலைந்து பேர் பள்ளிக்கு வந்துவிட்டீர்கள். "டீச்சர், ரேங்க் போட மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை, வேண்டாம் என்றுதான் விட்டோம். பொதுத்தேர்வுக்கே மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் எதற்குப் போட வேண்டும்?

இந்தத் தரம் பிரிக்கும் வழக்கத்துக்குப் பழைய கதை உண்டு. 1785-இல் அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 58 மாணவர்களைச் சோதித்து, நாலு வரிசையாகப் பிரித்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 20 பேர் முதல் வரிசை. கடைசிப் பத்துப் பேருக்கு லத்தீனில் 'மோசமானவர்கள்' என்று பெயர், பாவம். 1897-இல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டது. அப்போது அங்கே 75-க்குக் கீழே வந்தால் ஃபெயில். இங்கே 35 எடுத்தால் பாஸ். 74 எடுத்த பிள்ளை அங்கே தோற்கும், இங்கே முதல் வகுப்பு!

தேயிலை வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியாததா? ஃபேக்டரியில் டீத்தூளைச் சல்லடையில் சலித்துத்தான் கிரேடு பிரிக்கிறார்கள். 'டஸ்ட்' கிரேடு என்றால் தூள் சன்னம், அவ்வளவுதான். ருசி எப்படி என்று சொல்ல, வாயில் உறிஞ்சிப் பார்க்கும் ஆள் தனி.

அதற்காக மதிப்பெண்ணே வேண்டாம் என்பேனா? எனக்கு அது வேண்டும். இந்தக் காலாண்டில் இரண்டு பிள்ளைகள் கணக்கில் 34. ஒருத்தியின் அப்பா கோபமாக வந்தார். விடைத்தாளை மேசையில் விரித்தேன். வழிமுறை எல்லாம் சரி. மூன்று இடத்தில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருக்கிறாள். அவரே சிரித்துவிட்டார். இன்னொரு பையன் வாழ்க்கைக் கணக்குகளை அப்படியே வெற்றாக விட்டிருந்தான். கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால், கேள்வியின் தமிழே தடுமாறுகிறது. அவளுக்கு எட்டாம் வாய்ப்பாடு போதும். இவனுக்குத் தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கவைக்க ஆள் வேண்டும். கணக்குக்கு ரேங்க் போட்டிருந்தால் இருவரும் அட்டையில் ஒரே இடம்.

ஆகவே விடைத்தாளைப் பார்க்க வாருங்கள். வெள்ளிக்கிழமை கொழுந்து எடை போட்டுவிட்டே வரலாம், மாலை ஆறு வரை இருப்பேன். கையெழுத்திட்ட அட்டையையும் கொண்டுவாருங்கள். போன தடவை இரண்டு அட்டைகளில் அம்மா கையெழுத்தை அக்கா போட்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை