மணிக்கு, பொம்மை வந்து சேர்ந்தது

அன்புள்ள மணி,

பார்சல் பத்திரமாக வந்தது. பொம்மையின் வலது கையில் ஒரு விரல் மட்டும் உதிர்ந்திருக்கிறது. சரசுவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. பேரன் பொம்மையைப் பார்த்ததும், "தாத்தா, கோலெம்!" என்று குதித்தான். யூதர் கதைகளில் மண்ணில் செய்து உயிர் கொடுத்த ஆளுக்குத்தான் அந்தப் பெயர். மைன்கிராஃப்ட் விளையாட்டில் நான்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, செதுக்கிய பூசணிக்காயைத் தலையாக வைத்தால் உயிர் வந்துவிடுமாம். ஊருக்குக் காவல் நிற்கும், குழந்தைகளுக்குப் பூக்கூடக் கொடுக்குமாம். நீ ப்ராக் வரைக்கும் போய்த் தெரிந்துகொண்டு வந்ததை அவன் சோபாவில் படுத்தபடியே தெரிந்து வைத்திருக்கிறான்.

உன் வழிகாட்டி உன்னை நன்றாக ஏய்த்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரரசர் ருடால்ஃப் காலத்தில் யூத மதகுரு ரப்பி லோவ் களிமண்ணில் ஆள் செய்து உயிர் கொடுத்தார், அதன் உடல் இன்னும் ஜெபக்கூடத்துப் பரணில் கிடக்கிறது என்று பயபக்தியோடு எழுதியிருக்கிறாய். நடேசன் சார் இருந்திருந்தால் "ஆதாரம் எங்கே?" என்று காதைத் திருகியிருப்பார். லோவ் நிஜமான ஆள்தான், 1609-இல் காலமானவர். அவருடைய மாணவர் டேவிட் கான்ஸ் 1592-இல் ஒரு வரலாற்று நூல் எழுதினார். குரு பேரரசரைச் சந்தித்தது அதில் இருக்கிறது, கோலெம் இல்லை. வாத்தியார் மண்ணைப் பிசைந்து ஆளை நடக்கவிட்டிருந்தால் மாணவன் எழுதாமல் விடுவானா? லோவும் கோலெமும் அச்சில் ஒன்றாக வருவதே 1830-களில்தான். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற கொடும்பழியிலிருந்து ஜனங்களைக் காக்கும் காவல்காரனாகக் கோலெமைப் பிரபலமாக்கியவர் யூதல் ரோசன்பெர்க் என்ற போலந்து ரப்பி. அவர் புத்தகம் வந்தது 1909-இல். மெட்ஸ் நகரத்து அரச நூலகத்தில் கிடைத்த பழைய கைப்பிரதி, லோவின் மருமகனே எழுதியது என்று வேறு சொல்லிக்கொண்டார். அப்படி ஒரு நூலகமே கிடையாது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பழி அப்போதும் உயிரோடு இருந்ததால்தானே ஒரு காவல்காரன் தேவைப்பட்டான்.

எழுத்து விஷயம் நமக்கு ரொம்பப் பழக்கமானது. உலகமே 22 எழுத்துகளால் ஆனது என்கிறது யூதர்களுடைய பழைய நூல் ஒன்று. கோலெமின் நெற்றியில் 'எமெத்' (உண்மை) என்று எழுதினால் எழுந்து நடக்கும். முதல் எழுத்தை அழித்தால் 'மெத்' (செத்தது), பொத்தென்று விழுந்துவிடும். ஓர் எழுத்து விழுந்தால் என்ன நடக்கும் என்று குப்புராஜ் மகள் கல்யாணப் பத்திரிகை அடித்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனால் மணி, இந்தப் ப்ராக் கதைக்கெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியது ஒன்று யூதர்களின் சமய நூலான தல்மூதில் இருக்கிறது. மூன்று நான்கு வரிதான். ராவா என்பவர் ஒரு மனிதனைப் படைத்தார். அவனை ரப்பி ஸெய்ராவிடம் அனுப்பினார். ஸெய்ரா பேச்சுக் கொடுத்தார், அவன் பதில் சொல்லவில்லை. "நீ என் தோழர்கள் செய்தவன், உன் மண்ணுக்கே திரும்பிப் போ" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது. எதற்காக அனுப்பினார், என்ன செய்தி என்று எதுவும் இல்லை. நடந்து வந்து வாசலில் நின்றவன், வாய் வரவில்லை என்பதற்காக மண்ணாய்ப் போனான்.

இது அவர்களையும் உறுத்தியிருக்கிறது. செல்ம் நகரத்து ரப்பி எலியாவும் ஒரு கோலெம் செய்ததாகக் கதை உண்டு. அவர் வம்சத்தில் வந்த ஸ்வி அஷ்கெனாஸி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் கோலெமைப் பத்தாவது ஆளாக எண்ணலாமா? சிரிக்காதே, அவருடைய தீர்ப்புகள் 1712-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான போது இதுவும் அதில் இருந்தது. வாதம் எங்கே போகிறது பார். அவன் தாய் வயிற்றில் உருவானவன் அல்ல, அதனால் ஸெய்ரா செய்தது கொலை ஆகாது. ஆனால் பத்துப் பேரில் ஒருவனாக நிற்கும் உபயோகமாவது அவனுக்கு இருந்திருந்தால் ஸெய்ரா அவனை அழித்திருக்க மாட்டார். அழித்துவிட்டாரே, அதனால் எண்ணிக்கையில் சேராது. ஏற்கெனவே செத்தவனை வைத்தே அவன் ஆள் இல்லை என்று நிரூபிக்கிறார்! எனக்கு ஒரு பக்கம் மனசு ஆறவில்லை, மறு பக்கம் இப்படி ஒரு கேள்வியை மதித்து உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே என்றும் இருக்கிறது.

இதையெல்லாம் உனக்கு ஏன் இழுத்து எழுதுகிறேன் என்றால், வேலு அண்ணன் விஷயம். பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லை. கிளையில் போய் நின்றால் இந்த எண்ணுக்குப் போன் பண்ணுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். போன வாரம் இங்கே வந்திருந்தார், நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு இயந்திரக் குரல், நல்ல தமிழில், "உங்கள் பெயரைச் சொல்லவும்" என்றது. நான் சொன்னேன். பதிவான குரலோடு பொருந்தவில்லையாம், கணக்குதாரரே பேச வேண்டுமாம். இந்த மனிதரின் குரலை எவன் எப்போது பதிவு செய்தான்? அண்ணன் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பேச்சுத்தான் வராது, காது நன்றாகக் கேட்குமே. அது மூன்று தடவை கேட்டது. "பதில் வரவில்லை. நன்றி" என்று வைத்துவிட்டது. அண்ணன் நம் அச்சாபீஸில் செய்வாரே, அச்செழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைத் திருப்பிக் காட்டி 'பிழை உன்னுடையது' என்று, அதே மாதிரி போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகுதான் கோபம் வந்தது.

1965-இல் இஸ்ரேலில் ரெஹோவோத் ஆராய்ச்சி நிலையத்தின் கணினிக்கு, கெர்ஷோம் ஷோலெம் என்ற அறிஞர் சொன்னபடி 'கோலெம் ஆலெஃப்' என்று பெயர் வைத்தார்கள். அதன் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஸெய்ரா வாசலில் போய் நின்றால், அவர் வாயைத் திறப்பதற்குள் வணக்கம் சொல்லும். வேலு அண்ணன் போய் நின்றால்?

சரி, காரியத்துக்கு வா. உன் மாப்பிள்ளை இருப்பது வேறு வங்கியானாலும் அவருக்கு இந்த நடைமுறை தெரிந்திருக்கும். வாய் பேச முடியாதவர் நேரில் கையெழுத்துப் போட்டே முடிக்க வழி உண்டா, மனு யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டு எழுது. அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் வருவார். அதற்குள் கடிதம் வராது என்று தோன்றினால் போன் பண்ணு, உன் மொக்கையை அரை மணி நேரம் கேட்டுத் தொலைக்கிறேன்.

உன்,
சுந்தரம்